கோபம் ஏறிய ஸ்வெட்டர்

மந்தைவெளியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. நம்புவீர்களா? சனிக்கிழமை சாயங்காலம் வசந்தா வீட்டு ஹாலில் கூடுவோம். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில், மடியில் கம்பளி நூல். நானும் அதில் ஒருத்தி... மஃப்ளரைத் தாண்டி இன்னும் முன்னேறாதவள்.

போன மாதம் ஒரு நெருக்கடி. எங்கள் ஜமீலா பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மகள் நஸ்ரின் மேல்படிப்புக்குக் கனடா கிளம்புகிற நேரம். அவளுக்காகப் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் பாக்கி.

"கடையில ஆயிரம் கிடைக்கும். ஆனா அவ்ளோ தூரம் போற பொண்ணு மேல நான் போட்டது ஒண்ணு இருக்கணும்னு ஆசைப்பட்டேன்..." என்று கட்டுப்போட்ட கையைப் பார்த்து ஜமீலா அழுதாள்.

மிச்சத்தை நாங்கள் பின்னிக்கொடுத்தால் ஆயிற்று, இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். ஆளுக்கொரு சின்னச் சதுரம் பின்னிப் பார்த்தோம். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கையில் பின்னல் கண்ணி. ஆனால் ஆளுக்கொரு சைஸ்! என்னுடையது தொளதொளவென்று கொசுவலை. நூலை இழுத்துப் பிடிப்பதில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு குணமாம். ஜமீலாவின் பின்னலோடு ஒத்துப்போனது வசந்தாவுடையது மட்டும்தான்.

அதுவும் எப்போது? வசந்தா சிரித்துப் பேசும்போது மட்டும். கோபம் வந்தால் நூல் இறுகிவிடும். அவளுக்குக் கோபம் வர ஒரு விஷயம் போதும் — அவள் கார் நிறுத்துகிற இடத்தில் மேல்மாடிக்காரர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்துவது.

ஆக, எங்கள் வேலை வசந்தாவைச் சந்தோஷமாக வைத்திருப்பது! தினமும் போனோம். பஜ்ஜி வாங்கிப் போனோம், சீரியல் கதை பேசினோம். 'பார்க்கிங்' என்ற வார்த்தைக்கே தடை. தோளிலிருந்து இறங்கிய கை மளமளவென்று நீண்டது.

நஸ்ரின் கிளம்பும் நாள். மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம்தான் மீதி. காலிங் பெல் அடித்தது. வாட்ச்மேன்.

"மேடம், மேல்மாடி சாரு மறுபடியும் உங்க எடத்துல வண்டிய வுட்டுட்டாரு. கேட்டா இன்னா இன்னாவோ பேசிக்கினு கீறாரு..."

"ஐயோ, அப்புறம் சொல்லுப்பா!" என்று நாங்கள் கத்தியது வீண். வசந்தா கையில் ஊசிகள் பறந்தன. முடித்து நிமிர்ந்தபோது மணிக்கட்டைச் சுற்றிப் பின்னல் கெட்டியாக இறுகியிருந்தது.

"பிரிச்சுட்டு மறுபடி போடறேன், ஜமீலா..." வசந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏர்போர்ட்டுக்குக் கெளம்பணும். விடு வசந்தா. கை நுழைஞ்சா போதும்."

நஸ்ரின் போட்டுப் பார்த்தாள். கை நுழைந்தது. கொஞ்சம் மல்லுக்கட்டித்தான்.

போன வாரம் நஸ்ரினிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

"ம்மா, இங்க காத்து பயங்கரம்மா. ஸ்வெட்டர்ல எல்லாப் பக்கமும் பூந்துடுது. அந்த ஒரு மணிக்கட்டுல மட்டும் குளிரே தெரியல. வசந்தா ஆன்ட்டி அங்க என்ன பண்ணாங்க?"

வசந்தா வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஜமீலா சிரிக்கவில்லை. தீவிரமாக யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த ஸ்வெட்டர் முழுசையும் நீயே போடு வசந்தா. வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன்."