காக்ஸ் டவுனில் ஓர் இரவல் மோதிரம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆம்பூரில் ரயில் ஏறினேன். பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். கையில் ஒரு மாற்றுடை, சட்டைப் பையில் தோலால் ஆன சாவி உறை, அதற்குள் நான்கு சாவிகள். இவை தவிர ஒரு பித்தளை மோதிரமும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

நான் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். பெட்டியில் போகும் ஒவ்வொரு ஜோடியிலும் இடதும் வலதும் ஒரே தோலா, ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். ஜோடி மாறினால் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆறு வருடமாக, பொழுதுபோக்காக, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் சின்னச் சின்ன வித்தைகள் செய்துகாட்டுகிறேன். மேடை, தொப்பி, புறா எதுவும் கிடையாது. முன்னால் இருப்பவரிடம் ஒரு மோதிரம் கேட்பேன். அது என் கைக்குள் காணாமல் போகும். பையிலிருந்து சாவி உறையை எடுத்து, ஜிப்பைத் திறந்தால், சாவிகளுக்கு நடுவே கொக்கியில் தொங்கும். இவ்வளவுதான் என் சரக்கு.

ஒன்பதே முக்காலுக்கு கன்டோன்மென்டில் இறங்கினேன். ஆட்டோக்காரர் கன்னடத்தில் எங்கே என்று கேட்டார். "காக்ஸ் டவுன்" என்றதும் தமிழுக்கு மாறினார்.

"நூறு ரூபா குடுங்க சார்."

"நாலு கிலோமீட்டருக்கா?"

"நாலு கிலோமீட்டர்தான். டிராஃபிக் நாப்பது கிலோமீட்டர் இருக்கே."

ஏறி உட்கார்ந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

அழைத்திருந்தவர் டேனியல். எங்கள் தொழிற்சாலையில் இரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியபின் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார்கள். அன்று அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மொட்டை மாடியில் பந்தல், நாற்பது நாற்காலிகள், மூலையில் பிரியாணி அண்டா. ஆம்பூர்க்காரனை வைத்துக்கொண்டு பெங்களூரில் பிரியாணி போடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். டேனியலுக்கு அது உண்டு.

பன்னிரண்டரை மணி. சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் நேரம் இருந்தது. டேனியல் என்னை நடு மேஜைக்கு இழுத்து வந்தார்.

"எல்லாரும் இங்க வாங்க. பாலு சார் மோதிரத்த மாயமாக்குவாரு!"

கல் வைக்காத மோதிரம் வேண்டும் என்றேன். சிலருடையதில் கல். சிலருக்கு விரலை விட்டு வரவில்லை. கடைசியில் எல்லாக் கண்களும் டேனியலின் அக்கா ரோஸ்லின் மீது விழுந்தன. பள்ளி ஆசிரியை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்தபின் தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறார். விரலில் மெல்லிய தங்க வளையம், கல்யாண மோதிரம்.

"நக்கோ, வேணாம். நான் இத கழட்டறதே இல்ல" என்றார்.

"அஞ்சு நிமிசம்தான்கா. சும்னே, சும்மா ஒரு வேடிக்கை" என்றார் டேனியல். சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் திருகிக் கழற்றிக் கொடுத்தார். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

இங்கே ரகசியத்தில் பாதியை உடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வாங்கிய அடுத்த நொடி மோதிரத்தை மாற்றிவிடுவேன். எல்லோரும் என் வலக்கையில் பார்ப்பது பித்தளை. தங்கம் இடது உள்ளங்கையில் ஒளிந்திருக்கும். அடுத்ததாக அது யாருக்கும் தெரியாமல் பையிலுள்ள கொக்கிக்குப் போக வேண்டும்.

அது போகுமுன், நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த சர்ச் போதகர் எழுந்து நின்றார். "ஜெபிப்போம்" என்றார்.

நாற்பது பேரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். நான் கோயிலுக்குப் போகிறவன்தான். இருந்தாலும் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்தபின் போதகருக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்? நானும் கைகூப்பினேன். வலக்கைப் பித்தளையும் இடக்கைத் தங்கமும் உள்ளங்கைகளுக்கு நடுவே 'டிக்' என்று மோதிக்கொண்டன.

போதகர் அவசரப்படுகிறவர் இல்லை. பெண்ணுக்காக, பையனுக்காக, இரு வீட்டாருக்காக, சமைத்தவர்களுக்காக, தூரத்திலிருந்து வந்தவர்கள் பத்திரமாகத் திரும்புவதற்காக ஜெபித்தார். ஆமென் வந்தபோது இரண்டு மோதிரங்களும் என் கைச்சூட்டில் ஒரே வெதுவெதுப்பாக இருந்தன. கனமும் ஏறக்குறைய ஒன்றுதான், மெல்லிய கல்யாண மோதிரத்தின் கனம் பார்த்துத்தான் அந்தப் பித்தளையையே வாங்கியிருந்தேன். குனிந்து பார்த்தால் வித்தை போச்சு. என் விரல்கள் மீது எனக்கு ஒரு திமிர் உண்டு. தடவிப் பார்த்தேன், இதுதான் தங்கம் என்று முடிவு செய்தேன், கொக்கிக்கு அனுப்பினேன். மற்றதை மறைத்தேன். ஜிப்பைத் திறந்ததும் பலத்த கைதட்டல். தொங்கிய மோதிரத்தை அக்கா எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முறை திருகிப் பார்த்துக்கொண்டார். பிரியாணியில் எலுமிச்சை சற்று அதிகம்.

ஐந்து மணிக்குக் கிளம்பி எலெக்ட்ரானிக் சிட்டியில் மச்சினன் வீட்டுக்குப் போனேன். பதினொன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் எதிரே இன்னொரு பதினொன்றாவது மாடி தெரிகிறது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சாமான்களை எடுத்து வைக்கும்போது மோதிரத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். உள்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'அருள்' என்று பொறித்திருந்தது.

அக்காவின் கணவர் பெயராகத்தான் இருக்க வேண்டும். பித்தளை அக்கா விரலுக்குப் போயிருந்தது. தினமும் ஆயிரக்கணக்கில் ஜோடி பார்க்கிறவன், இரண்டே இரண்டில் கோட்டை விட்டிருக்கிறேன்.

சிவாஜிநகர் போகும் ஏசி பஸ்ஸில் ஏறினேன். மேம்பாலத்தில் பறந்த பஸ் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் ஐடி கம்பெனிப் பையன், சேலத்துக்காரன்.

"ஞாயித்துக்கிழமைகூடவா இப்படி?" என்றேன்.

"இன்னிக்கு ஃப்ரீயா இருக்கு சார்" என்றான்.

வழி நெடுக ஒரு திட்டம் போட்டேன். உண்மையைச் சொல்லவே வேண்டாம். நேற்று அவசரத்தில் செய்தேன், இன்னொன்று காட்டுகிறேன் என்று அக்காவிடம் மோதிரம் கேட்பது. வாங்கும்போதே மாற்றிவிடுவது. தங்கத்தைக் கொடுத்துவிட்டு, பித்தளையோடு நடையைக் கட்டுவது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, என் பெயருக்கும் பழுதில்லை. பஸ் இறங்கி ஆட்டோ பிடிக்கும்போது எனக்கு உற்சாகமே வந்துவிட்டது.

பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். டேனியல் காபி கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே அக்காவிடம் கை நீட்டினேன். அவர் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. அவரு போனப்புறம் பதினோரு வருசமா இத நான் கழட்டல. நேத்து எல்லாரும் கேட்டாங்கன்னு கழட்டிட்டேன். திரும்பப் போட்டதுல இருந்து மனசே சரியில்ல. காலைல சர்ச்சுல எங்க வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். இனிமே யாரு கேட்டாலும் கழட்ட மாட்டேன்."

"அக்கா, ஒரே நிமிசம்..."

"கோவிச்சுக்காதீங்க."

என்னால் எதையும் மறைக்க முடியும், எதையும் மாற்ற முடியும். தரமாட்டேன் என்கிறவரிடமிருந்து வாங்க மட்டும் ஒரு வித்தையும் இல்லை. அப்படியே எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

"அக்கா, உங்க விரல்ல இருக்கறது பித்தளை" என்றேன்.

டேனியல் கைதட்டினார். "பாருங்க, ஆரம்பிச்சிட்டாரு!"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"இப்படிச் சொல்லிக் கழட்ட வைக்கப் பாக்கறீங்களா?" என்று அக்காவும் சிரித்தார்.

ஆறு வருடம் பொய்யைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன், உண்மையைச் சொல்லியும் அதையே வாங்கினேன். பையிலிருந்து தங்க மோதிரத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அக்கா கண்ணாடி போட்டு, உள்பக்கத்தைப் படித்தார். சிரிப்பு நின்றது. தன் விரலில் இருந்ததைக் கழற்றினார். விரலைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு படிந்திருந்தது. தலைப்பால் அதைத் துடைத்தார். போகவில்லை. அதன்மேலேயே தன் மோதிரத்தை மாட்டிக்கொண்டார்.

"எப்ப மாறுச்சு?"

"போதகர் ஜெபம் பண்ணப்ப."

"நான் கண்ண மூடியிருந்தேன்."

"நானும்தான்கா."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. டேனியல் மட்டும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மணி ரயிலுக்கு ஒன்றரைக்கே கிளம்பினேன். ஆம்பூரில் விருந்துக்குப் போனால் நான்கு பேர் தாமாகவே மோதிரத்தைக் கழற்றி நீட்டுவார்கள். அதை என் திறமைக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர்கள் நீட்டியது நம்பிக்கையை என்பது நூற்றெழுபது கிலோமீட்டர் வந்தபின்தான் உறைத்தது.

அக்கா கேட் வரை வந்தார். "இது உங்களோடது" என்று பித்தளை மோதிரத்தை நீட்டினார். நான் கையை நீட்டினேன். என்ன தோன்றியதோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"காலைல ஒரு மணி நேரம் இதத்தான் திருகிட்டே அவர்கிட்ட பேசினேன் தம்பி. எல்லாத்தையும் இதுதான் கேட்டுச்சு. இது இங்கயே இருக்கட்டும்."

விரல்களை மூடிக்கொண்டார். ஆறு வருடமாக ஊரார் மோதிரங்களை வாங்கியிருக்கிறேன். என்னிடமிருந்து ஒருவர் மோதிரம் வாங்கிக்கொண்டது அன்றுதான்.