சுலபமான கேள்விக்குப் பயந்தவன்

நாற்பத்தாறு வயதில் நுழைவுத் தேர்வு எழுதுகிறவனுக்கு இரண்டு வசதிகள். கண்டிக்க அப்பா இல்லை. தோற்றால் கண்ணுக்குத் தூரப்பார்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

தேனியில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். மேலாண்மைப் பட்டம் இருந்தால்தான் கிளைப் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். மதுரையில் வார இறுதியில் மட்டும் நடக்கும் படிப்பு ஒன்று இருந்தது. அதில் சேர, கணினியில் எழுதும் தேர்வு ஒன்றில் கல்லூரி கேட்கும் மதிப்பெண்ணைத் தொட வேண்டும். இரண்டு முறை முயல நாள் இருந்தது.

தேர்வுக்கு ஒரு குணம் உண்டு. சரியாக எழுதினால் அடுத்த கேள்வி கடினமாக வரும். தவறினால் சுலபமாக வரும். எத்தனை சரி என்று எண்ணி மதிப்பெண் போடுவதில்லை. எவ்வளவு கடினமான கேள்வி வரைக்கும் நம்மால் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று பார்த்துப் போடுகிறார்கள். விடையே எழுதாமல் விட்டால் அதற்குத் தனியாக வெட்டு.

இதைப் படித்ததும் எனக்கு ஏகப்பட்ட தைரியம். ஓடைப்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வாங்க வரும் உத்தமபாளையத்து பாய் செய்வதும் இதைத்தான். முதலில் வெயில் படும் ஓர வரிசையில் ஒரு பழம் கிள்ளிப் போடுவார். இனித்தால் பந்தலுக்குள்ளே நிழலுக்குப் போவார். அங்கேயும் இனித்தால், குலையின் அடி நுனியில் கடைசியாகப் பழுக்கும் பழத்தைக் கிள்ளுவார். புளித்தால் ஓரத்துக்குத் திரும்பிவிடுவார். நாங்கள் அவர் வாயைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்போம். கால் உள்ளே போனால் விலை ஏறும். வெளியே திரும்பினால் அந்த வருடம் அவ்வளவுதான்.

"மாப்ள, பின்னாடியே வந்து மூச்சு விடாத. ஒம் மூஞ்சியப் பாத்தாலே பழம் புளிக்குது" என்பார் பாய்.

அந்தப் பழக்கத்தோடு போய்த் தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தேன். முதல் சில கேள்விகள் நன்றாகப் போயின. போகப் போகக் கடினமாயிற்று. தேர்வுக்காரன் பந்தலுக்குள்ளே போகிறான், உள்ளே போகிறான் என்று எனக்குக் கொண்டாட்டம். திடீரென்று ஒரு கேள்வி வந்தது. இரண்டு குழாய் திறந்தால் தொட்டி எப்போது நிறையும் என்று கேட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

ஓரத்துக்குத் திரும்பிவிட்டான். அப்படியானால் முந்தின கேள்வி தவறு. எங்கே தவறினேன்? திரையில் பின்னால் போக வழியில்லை, ஆனாலும் மனசு போயிற்று. தொட்டியை மூன்று முறை நிரப்பினேன். விடை வந்த பிறகும் நம்பவில்லை. இவ்வளவு சுலபமாக வருமா, ஏதோ சூது இருக்கிறது என்று நான்காம் முறையும் நிரப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியும் கடினமா, சுலபமா என்று எடை போட்டேனே தவிர, விடையில் மனசு நிற்கவில்லை. நேரம் முடிந்தபோது கடைசியில் சில கேள்விகளை நான் பார்க்கவே இல்லை. மதிப்பெண் திரையில் வந்தது. கல்லூரி கேட்டதற்குக் கீழே.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டு, தோற்றதை மனைவியிடம் சொன்னேன்.

"என்னங்க, கஷ்டமாக் கேட்டுட்டாகளா?"

"சுலபமாக் கேட்டுட்டாக."

"அதுக்கா தோத்தீக?"

பாய் காலைத் திருப்பிய கதையை விளக்கினேன்.

"கேக்குறது அவுக வேலை, சொல்றது ஒங்க வேலை. அவுக வேலையையும் சேத்துப் பாத்தா நேரம் எங்கன இருக்கும்? பஸ்ஸப் பிடிச்சு வாங்க."

வீட்டில் உட்கார்ந்து தேர்வு அறிக்கையைத் திறந்தேன். தொட்டிக்கு முந்தின கேள்விகள் அத்தனையும் சரி. தொட்டியும் சரி. எல்லாப் பகுதியிலும் சோதிக்க வேண்டியிருப்பதால் இடையில் சுலபமானதும் வரும், மதிப்பெண்ணில் சேராத கேள்வியும் வரும் என்று ஓர் ஓரத்தில் போட்டிருந்தார்கள். இல்லாத தோல்விக்குத் துக்கம் கொண்டாடி, இருந்த நேரத்தைத் தொலைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் இது அந்தத் தேர்வோடு நிற்கிற வியாதி இல்லை. முதலாளி சிரித்தால் வேலை போகப்போகிறது என்று நினைப்பவன் நான். மருத்துவர் சீட்டில் குறைவாக எழுதினால் கைவிட்டுவிட்டார் என்று நினைப்பவன்.

இரண்டாம் முறை எழுதினேன். பயம் வராமல் இல்லை. அது பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, நான் அடுத்த கேள்விக்குப் போனேன். நிறையப் புரியவில்லை. முடிந்ததை எழுதி, முடியாததற்கு ஊகித்துக் குத்தி, கடைசிக் கேள்வி வரை வந்துவிட்டேன். எது சுலபம், எது கடினம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மதிப்பெண் கல்லூரி கேட்டதைத் தாண்டியிருந்தது. இடம் கிடைத்துவிட்டது.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து மனைவிக்குக் காட்டினேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை தவறான விடைகள் அதிகம். ஆனால் தவறியதெல்லாம் கடினமான கேள்விகளில்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்தாவது படிக்கும் மகள் உள் அறையில் இருந்தாள்.

"தப்பு கூடக் கூட மார்க்கும் கூடுதாக்கும்?" என்றாள் மனைவி, குரலைத் தணித்து. "மொதல்ல அத மடிச்சு உள்ள வைங்க. பிள்ளை கண்ணுல படப்போகுது."