டீ கொட்டாத லேப்டாப்

லேப்டாப் ரிப்பேர் தொழிலில் எத்தனை வருஷம் குப்பை கொட்டினாலும், "நான்தான் தண்ணி கொட்டினேன்" என்று ஒப்புக்கொள்கிற வாடிக்கையாளரைப் பார்ப்பது அபூர்வம். போர்டிலிருந்து பாயசம் சொட்டினாலும் "தானா ஆஃப் ஆயிடுச்சுங்க" என்பார்கள். மிக்ஸியோ செல்போனோ, எதையாவது பிரித்து மாட்டிப் பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால் இந்த அவஸ்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் பங்குக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

சார் எங்கே?

சித்தூரில் டிப்ளமோ முடித்ததும் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் பெங்களூருக்கும் மீதிப்பேர் சென்னைக்கும் பஸ் ஏறினார்கள். நானும் சென்னைக்குத்தான் போனேன். மதர்போர்டு வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காத விதமாகத் திரும்பி வந்து திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை போட்டேன். கூட்டாளி பாலு. சாஃப்ட்வேர் அவன், சால்டரிங் நான். கடைக்கு வருகிறவர்கள் நேராக அவனிடம் போவார்கள், அவன் என்னைக் காட்டுவான், அவர்கள் எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

திருச்சானூரில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாள் லேப்டாப்போடு வந்து, "சார் உன்னாரா?" என்று, அதாவது சார் இருக்கிறாரா என்று, தெலுங்கில் கேட்டார். சார், மேடம் எல்லாம் நான்தான் என்று சொன்னேன். மனிதர் பையைத் திறக்கவே இல்லை. சரி போகட்டும் என்று, "வெச்சிட்டுப் போங்க, சார் வந்ததும் பார்ப்பார்" என்றேன். அரைமணி நேர வேலை. சாயங்காலம் வந்து ஆன் செய்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. போகும்போது எங்கள் தமிழிலேயே சொன்னார்: "சாருக்கு நல்ல கைராசிம்மா. நான் ரொம்ப சந்தோசப்பட்டேன்னு அவருகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

கேட்காமல் வந்த வாக்குமூலம்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், ஒரு புதன்கிழமை, நகரியிலிருந்து கிரிஜா வந்தாள். விசைத்தறிக் குடும்பத்துப் பெண். புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். லேப்டாப்பை மேஜைமேல் வைத்த கையோடு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான்தான்க்கா டீ கொட்டிட்டேன்" என்றாள். எழுந்து நின்று கைகுலுக்கலாமா என்று இருந்தது எனக்கு.

சார்ஜரைச் செருகினால் அதன் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. போர்டில் எங்கேயோ ஷார்ட் என்று அர்த்தம். பாலு வழக்கம்போல, "போர்டையே மாத்திடலாமே" என்றான். கிரிஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய டிசைன் சாஃப்ட்வேர் அந்த ஒரு போர்டில் மட்டுமே திறக்குமாம். போட்டுக் கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அவள் பெயருக்கே வந்த முதல் ஆர்டர் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் டிசைனைக் கொடுத்தால்தான் தறிக்கு டிசைனைச் சொல்லித்தரும் ஜக்கார்டு அட்டையில் துளை குத்துவார்கள். இல்லாவிட்டால் வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை காலையில் வா, அதே போர்டு அப்படியே ஓடும் என்றேன். என் வாய்க்கு எப்போதுமே தைரியம் அதிகம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க தெருப் பொண்ணுங்கெல்லாம் விடியக்காலைலயே கம்பெனி பஸ்ல தூங்கிக்கினு போவுதுங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா திங்கக்கிழமைலேர்ந்து எனக்கும் அதுல ஒரு சீட்டுக்கா."

ஃபேனுக்குள் ஓர் அரிசி

டீ விழுந்த போர்டு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசுபிசுவென்று இருக்கும், பால் வாடை அடிக்கும், இரண்டு எறும்பாவது குடும்பம் நடத்தும். கிரிஜாவின் லேப்டாப்பைப் பிரித்தால் எறும்பும் இல்லை, வாடையும் இல்லை. கீபோர்டுக்குக் கீழே மஞ்சளாக ஒரு படலம் காய்ந்திருந்தது. ஓரத்தில் குங்குமத் தூள். ஃபேன் இறக்கைக்கு நடுவில் ஜம்மென்று ஓர் அட்சதை அரிசி.

உடனே போன் செய்து, "ஏம்மா, உங்க வீட்டுல டீயில அட்சதை போட்டுத்தான் குடிப்பீங்களா?" என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பாவைக் காட்டிக்கொடுத்தாள்: "நைனாதான்க்கா மஞ்சத்தண்ணி தெளிச்சாரு. 'பொட்டிக்குள்ள இன்னாத்த நெய்வ'ன்னு கேட்டுக்கினே இருந்தவரு, இந்த வருசந்தான் அத்த தறி பக்கத்துல வெச்சி பொட்டு வெச்சாரு. அவராலதான்னு தெரிஞ்சா இனிமே கிட்டவே வரமாட்டாரு. நீங்களும் டீன்னே சொல்லுங்கக்கா."

பிசின் புகை

ஷார்ட் என்றால் ஏதோ கருகித் தெரியும் என்று நினைக்காதீர்கள். மிளகு சைஸில் முப்பது கெப்பாசிட்டர் ஒரே லைனில் நிற்கும். அதில் ஒன்று கெட்டாலும் மீட்டர் வைத்தால் முப்பதும் பீப் பீப் என்று கத்தும். எது குற்றவாளி என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த லைனில் கொஞ்சமாகக் கரண்ட் விட்டு, மேலே ஸ்பிரிட் தடவினால் கெட்டுப்போனது சூடாகி, அதன்மேல் மட்டும் சட்டென்று காய்ந்துவிடும். வியாழக்கிழமை காலையிலேயே ஒன்று அகப்பட்டது. எடுத்துவிட்டு, வெற்றிச் சிரிப்போடு பாலுவைப் பார்த்துக்கொண்டே மீட்டரை வைத்தேன். பீப். இன்னொரு ஷார்ட்! அந்த லைனில் பிராசசருக்குக் காவல் நிற்கிற மாஸ்ஃபெட் என்கிற சுவிட்சும் இருக்கிறது. அது போயிருந்தால் சார்ஜரின் பத்தொன்பது வோல்டும் நேராகப் பிராசசருக்குள் பாய்ந்திருக்கும். போர்டுக்குப் பால் ஊற்றிவிட்டு கிரிஜாவைப் பஸ் ஏற்ற வேண்டியதுதான்.

இந்த முறை ஸ்பிரிட்டில் ஒன்றும் தெரியவில்லை. ரோசின் என்கிற பிசின் கட்டியில் சூடான சால்டரிங் முனையை வைத்து, அந்தப் புகையைப் போர்டுமேல் படியவிட்டேன். வெள்ளையாகப் பூத்துவிடும், சூடாகிற இடத்தில் மட்டும் உருகித் தெளியும். கடை முழுக்கப் புகை. திரும்பினால் ஒரு பெரியவர் வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கைகூப்பி நின்றார். கிரிஜாவின் அப்பா முனிரத்தினம். மகளுக்குத் தெரியாமல் நகரி பஸ் பிடித்து வந்திருக்கிறார். "பாப்பா டீ கொட்டிட்டேன்னு சொல்லிக்கினு கீது. டீ இல்லம்மா, நாந்தான் தண்ணி தெளிச்சேன். அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கையில் ஒயர். கரண்ட்டை விட்டேன். இருவரும் குனிந்து பார்த்தோம். மாஸ்ஃபெட் வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பக்கத்தில், கனெக்டர் அடியில் பாதி ஒளிந்திருந்த ஒரு கெப்பாசிட்டரின் தலைமேல் வெள்ளை உருகிக் கறுப்பாகத் தெளிந்தது. அதை எடுத்தேன். மீட்டர் வாயை மூடிக்கொண்டது. முனிரத்தினம் என்னையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் தண்ணி தெளிச்சா கெட்டுப்போவுது, நீங்க பொகை போட்டா சரியாவுது. இது இன்னாம்மா கணக்கு?"

என்ன காரணம்?

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். போர்டைக் கழுவிக் காயவைத்து, எடுத்த இரண்டு கெப்பாசிட்டருக்குப் பதில் புதிது வைத்திருந்தேன். கிரிஜா பட்டனை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஸ்க்ரீன் வந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. மாம்பிஞ்சு பார்டர் ஒன்று கலர் கலராக விரிந்தது. "அந்த ஓரத்துல அரக்கு இன்னும் கொஞ்சம் ஏத்து பாப்பா" என்று பெரியவர் ஸ்க்ரீனில் விரலை வைத்தார். அவள் ஏற்றினாள்.

பாலுவுக்கு நேரம் காலமே தெரியாது. "என்னவாம் காரணம்? ஜாப் கார்டுல எழுதணுமே" என்றான். அப்பா தரையைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "பழைய கெப்பாசிட்டர். வயசாயிடுச்சு, தானா போயிடுச்சு" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். டிசைன் அன்றைக்கே அட்டை குத்தப் போனது. திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸும் அவளை ஏற்றாமலே போனது. ஆனால் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது கடை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே முனிரத்தினம் மகளிடம் சொன்னது என் காதில் விழாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்: "டீயும் இல்ல, தண்ணியும் இல்ல, பாத்தியா? அடுத்த வருசம் இன்னும் நல்லாவே தெளிச்சிடலாம் பாப்பா."

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்த லேப்டாப் கிரிஜா புண்ணியத்தில் ஏதாவது ஒரு பொய் வியாதியைச் சொல்லிக்கொண்டு என் கடையில் வந்து படுத்துக்கொள்கிறது, அதற்குப் பதிலாக அதன் மௌஸ் தறி பக்கத்தில் உட்கார்ந்து பொட்டும் மஞ்சள் தண்ணியும் வாங்கிக்கொள்கிறது.