மூன்றாவது சுருதி

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், காரிமங்கலம் சந்தையில் கொஞ்சம் கன்னடம். இத்தனை இருந்தும் எதற்காகப் புதிதாக ஒரு மொழியை உண்டாக்கினேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. யூடியூபில் ஏதோ ஒரு நாட்டுக்காரி ஒரே எழுத்தைக் குரல் ஏற்றியும் இறக்கியும் மூன்று விதமாக உச்சரித்து மூன்று பொருள் சொன்னாள். பார்த்ததும் பொறாமையாக இருந்தது. அவ்வளவுதான்.

ழகரத் தகராறே வேண்டாம் என்று முதலில் அதை விலக்கினேன். சுருதிகள் கீழ், நடு, மேல். 'மே' என்பதைக் கீழே சொன்னால் தண்ணீர், நடுவில் தாகம், மேலே குடி. செய்கிற சொல்லெல்லாம் மேல் சுருதியில்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டேன். கோபமாகப் பேசினால் குரல் தானாக ஏறி, தண்ணீர் தாகமாகிவிடும். அது என் தப்பா, மொழியின் தப்பா என்று பல நாள் குழம்பியிருக்கிறேன்.

கணவர் தருமபுரி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "சளி புடிச்சா இந்த பாஷைல என்னா பண்ணுவாங்க?"

"பேசாம இருப்பாங்க."

"அப்ப நல்ல பாஷைதான்."

அவருக்குக் கேலிதான் வரும், காது கொடுக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

பிறகு கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட்டார்: "பேச்சு வந்துருங்க. உச்சத்துல போற குரல் மட்டும் சிலருக்குத் திரும்பாதுங்க. பாட்டு பாடுவீங்களா?" இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆபரேஷன் முடிந்து பேசாமல் கிடந்த நாட்களில் கணவர் தன் பழைய விசிலைக் கையில் கொடுத்தார். "ஒண்ணு ஊதினா வந்து நிப்பேன். ரெண்டு ஊதினா வூட்ட வுட்டே போயிருவேன்." சிரித்தால் தையல் வலித்தது.

தமிழ் திரும்பியது. தெலுங்கும் கரகரவென்று திரும்பியது. என் மொழி மட்டும் திரும்பவில்லை. மேல் சுருதிக்குப் போனால் வெறும் காற்று. பெயர்ச்சொற்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன, யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரே ஒருத்தி பேசிய மொழிக்காக அழலாமா என்றே புரியவில்லை. அழுதேன்.

ஒரு காலையில் பால் காய்ச்சும்போது, தினமும் பாலிடம் என் மொழியில் சொல்லும் வாக்கியம் பழக்கத்தில் வாய்க்கு வந்துவிட்டது. தமிழில் சொன்னால்: பொங்கு பாலே, வழியாதே. 'பொங்கு' காற்றாகப் போனது. அந்த நொடியில் பின்னால் விசில் சத்தம், சின்னதாக.

திரும்பினேன். விசில் கணவர் வாயில் இருந்தது. "நிறுத்தாத, சொல்லு" என்றார்.

மறுபடி சொன்னேன். 'பாலே' என்பதை என் குரலிலேயே சொன்னேன். 'பொங்கு'வுக்கும் 'வழியாதே'வுக்கும் நான் வாயை அசைக்க, அவர் ஊதினார். இடம் தவறவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ஸுல தூங்கறவனுக்கே ஸ்டாப்பிங் தெரியுது. எனக்குத் தெரியாதா?"

தனியாகப் பேசிக்கொள்ளத்தான் அதை உண்டாக்கினேன். இனி தனியாகப் பேசவே முடியாது. இது சந்தோஷமா, நஷ்டமா? கையில் கரண்டியோடு நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"இன்னொரு தடவை ஊதுங்க" என்றேன்.