மறைப்புக்கு அந்தப் பக்கம்

கணக்கு டீச்சரிடம் படித்தவர்களைக் கேட்டால் அவருடைய வாய்ப்பாட்டையும் பிரம்பையும் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அவரைத் தெரிந்தது வேறொரு நாற்காலியில். எங்கள் பள்ளிக்கூடம்தான் சுற்றியிருந்த நாலு தெருவுக்கும் வாக்குச்சாவடி. வாக்காளர் பட்டியலில் பெயர் பார்ப்பது டீச்சர் வேலை. சீட்டைக் கிழித்துக் கொடுப்பது, பள்ளி கிளார்க் என்ற முறையில், என் வேலை.

டீச்சருடைய மாமனார் காலத்தில் வீட்டு வரி கட்டிய ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. டீச்சருடைய அம்மா காலத்தில், ஊர்வலம் போய் அடி வாங்கிய பிறகு, பெண்களுக்கும் வந்தது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்த வருடத் தேர்தலில் பதினேழு பேர் நின்றார்கள். பள்ளி பெஞ்சுகள் பறந்தன. "இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட ஒரு ஆள் வரமாட்டானா?" என்று கேட்காத வீடு இல்லை. ஆள் வந்தார். ஜெனரல். ரேடியோவைத் திருப்பினால் உலகம் முழுக்க இதே கதைதான்: ஒரு தேசத்தில் ராஜாவை விரட்டினார்கள், இன்னொன்றில் ராஜாவை விரட்டியவரையே விரட்டினார்கள். எங்களுக்கு வாய்த்தவர் மட்டும் இருபத்திரண்டு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஓட்டை ஒழிக்கவில்லை. அவ்வளவு அசடில்லை அந்த மனிதர். போட்டியை மட்டும்தான் ஒழித்தார். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை சீட்டு வரும், அதில் அவர் பெயர் மட்டும் இருக்கும். சம்மதம் என்றால் சீட்டை அப்படியே நாலாக மடித்துப் பெட்டியில் போடலாம். சம்மதமில்லை என்றால் பெயரை அடிக்க வேண்டும். அடிப்பதற்கான பேனா, கூடத்து மூலையில் துணி மறைப்புக்குப் பின்னால் மட்டும் இருந்தது. சட்டப்படி எல்லாமே ரகசியம்; யார் உள்ளே போனார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். அப்படிப் போகிறவர் பெயருக்கு நேரே டீச்சர் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

முதல் இரண்டு தடவை புள்ளிக்கு வேலையே வரவில்லை. மூன்றாவது தடவை, பள்ளிக்கு எதிரே கடை வைத்திருந்த தையல்காரர் மறைப்புக்குப் பின்னால் போனார். அரை நிமிடம் இருந்திருப்பார். டீச்சர் புள்ளி வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலை என் கையில் கொடுத்திருந்தால் நானும் வைத்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பத்தாம் நாள் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து, இடது காது கேட்காமல், தையல்காரர் திரும்பி வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அந்தத் துணி நான் தைச்சுக் கொடுத்தது. ஓரம் பிரிஞ்சு தொங்குச்சு. என்னன்னு பாக்கப் போனேன், அவ்வளவுதான்."

அவர் தொழில் அப்படி, நான் நம்பினேன். டீச்சர் நம்பியதுதான் டீச்சருக்கு வினையாகிவிட்டது: ஒன்றும் செய்யாத ஆளை மாட்டிவிட்டோம் என்று. பள்ளியின் முன்வாசலை விட்டுவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி வர ஆரம்பித்தார். ஒருநாள் விடைத்தாள் கட்டும்போது என்னிடம் சொன்னார்: "எப்படிக் கூட்டிப் பாத்தாலும் தப்பு என் பேர்லதான் வருது சார்." நான் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

நாலாவது தடவை யாரும் மறைப்புப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் ஜெனரல் விமானம் ஏறிப் போய்விட்டார். மறுவருடம் நிஜமான தேர்தல். பதினோரு கட்சி, பதினோரு சின்னம். மறைப்புக்குப் பின்னால் போய் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு செல்லாது. சாவடிக்குத் தலைமை அதிகாரி டீச்சரேதான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. தான் பாழாக்கிய இடத்தில் ஒரு நாளாவது ஒழுங்கான ஓட்டு விழ வேண்டும் என்பது அவர் ஆசை.

விடிந்ததும் முதல் ஆளாகப் பால்காரர் வந்தார். சீட்டை வாங்கினார், நாலாக மடித்தார், பெட்டிக்கு நேரே நடந்தார்.

"உள்ள போய் முத்திரை குத்திட்டு வாங்க," என்றார் டீச்சர்.

"பரவால்ல டீச்சர். எனக்குச் சம்மதம்தான்."

"எதுக்குச் சம்மதம்?"

"எல்லாத்துக்கும்தான்," என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே. டீச்சர் எழுந்து நின்று விளக்கினார், கெஞ்சினார், வகுப்பில் போல அதட்டியும் பார்த்தார். எல்லோரும் அவர் கையிலிருந்த பென்சிலையும் மேசையிலிருந்த பட்டியலையும் பார்த்தார்கள், மடித்தார்கள், போட்டார்கள். பதினோரு மணிக்குள் நாற்பத்திரண்டு வெற்றுச் சீட்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. டீச்சர் முகம் சுண்டிப்போயிருந்தது.

அப்போது தையல்காரர் வந்தார். வரிசை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. சீட்டை வாங்கியவர் நகரவில்லை.

"நான் உள்ள போனா புள்ளி வைப்பீங்களா டீச்சர்?"

டீச்சர் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அன்னைக்கு வெச்சது நான்தான்."

"தெரியும். லிஸ்டை என் முன்னால போட்டுட்டுத்தான் அடிச்சாங்க. கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு." கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பினார். "இப்ப நீங்க முதல்ல உள்ள போங்க. நான் பாக்குறேன்."

பட்டியலில் டீச்சர் பெயரும் இருந்தது. என்னிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, பென்சிலை மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தார். அத்தனை வருடம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவர், மறைப்புக்கு அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. நெடுநேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது புறங்கழுத்தெல்லாம் வியர்வை. அவர் பெட்டியில் போட்ட பிறகு தையல்காரர் உள்ளே போனார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா, அப்புறம் அவர் மகள், அப்புறம் வரிசை முழுக்க.

சாயங்காலம் எண்ணினோம். மொத்தம் முந்நூற்று எண்பத்தெட்டு. வெற்று நாற்பத்திரண்டு. முதலிடம் ஜெனரலின் பழைய கட்சிக்கு, நூற்று அறுபத்தொன்று. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கத்தினேன். டீச்சர் எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஒரு தடவை கூட்டிச் சரிபார்த்தார்.

முடிவைப் படிக்கத் தையல்காரர் வந்திருந்தார். டீச்சர் அவர் பக்கத்தில் போய் நின்றார். "என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிக்க மாட்டேன் டீச்சர்," என்றார் அவர், கோபமே இல்லாமல். "ஆனா அடுத்த தடவையும் நீங்களே உட்காருங்க."

அதற்கப்புறம் இரண்டு தேர்தலுக்கு டீச்சர் உட்கார்ந்தார். இரண்டுக்கும் தையல்காரர் வந்தார், பெயரைச் சொன்னார், சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.