விசாரிக்க வந்தவர்களிடம் நான் சொன்னது

எங்கள் வீட்டு வாசலில் கோலம் போடுவது நான்தான். வயது ஐம்பத்தொன்று, மீசை இருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா இடுப்பு ஒடிந்து படுத்தபோது வாசல் சும்மா கிடக்க வேண்டாமே என்று போட ஆரம்பித்தேன். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன, கோலம் நிற்கவில்லை. பிடித்துவிட்டது, அவ்வளவுதான். பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் இழுப்பேன். எங்கள் தெருவில் என்னைவிட நன்றாகப் போடும் பெண் ஒருத்தி இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்.

ஊரில் என்னை 'ஆளு ஒரு மாதிரி' என்பார்கள். முதலில் வலித்தது. மாவுக் கிண்ணத்தோடு குனிந்திருக்கும்போது பஸ்ஸிலிருந்து எவனாவது விசிலடிப்பான். அதற்காக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா போட முடியும்? கோலத்தை வாசலில்தான் போட வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் விசில் ஓய்ந்தது, நான் ஓயவில்லை.

வல்லத்திராக்கோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தத்தை முடிவு செய்வதற்கு முன் ஊருக்கு வந்து விசாரிப்பார்கள். சொந்தக்காரர்களிடம் கேட்க மாட்டார்கள், அவர்கள் பூசி மெழுகிவிடுவார்கள். ஊர் முகப்பில் இருக்கிற டீக்கடை, சலூன், என் கடை, இங்கேதான் கேட்பார்கள். வந்த உடனே விஷயத்துக்கும் வர மாட்டார்கள். ஆதார் அட்டையை நீட்டி ஒரே ஒரு காப்பி கேட்பார்கள். மிஷின் சூடாகிற நேரத்தில், "வடக்குத் தெருவுல ஒரு குடும்பம்..." என்று இழுப்பார்கள். அட்டை வெளியூர் என்றாலே எனக்குத் தெரிந்துவிடும். நம் வாயை நம்பி ஒரு கல்யாணமே நிற்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

போன தை மாதம் அறந்தாங்கியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் அப்படி வந்தார்கள். அவர்கள் கேட்டது எங்கள் தெருப் பெண்ணைப் பற்றி. ஊர் முறைக்கு நான் அவளுக்குச் சித்தப்பா. புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். முடியைத் தோளோடு வெட்டியிருப்பாள். சாயங்காலம் ஆனால் கண்மாய்க் கரையில் தனியாக நடப்பாள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் பேசிச் சத்தமாகச் சிரிப்பாள். இதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. தினமும் இரண்டு முறை என் கடையைத் தாண்டிப் போகிறாள், ஒரு நாளாவது திரும்பிப் பார்த்ததுண்டா? வணக்கம் வேண்டாம், தலையை ஆட்டினால் கழுத்தா சுளுக்கிக்கொள்ளும்?

"குடும்பம் நல்ல குடும்பங்க," என்றேன். "பொண்ணுதான் ஒரு மாதிரி."

எந்த வார்த்தையை வருடக்கணக்காக நான் வாங்கிக்கொண்டிருந்தேனோ அதே வார்த்தை. சொன்னபோது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த அம்மா காப்பியைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்தார். எனக்கு அண்ணி முறை. ரேஷன் அட்டையை நீட்டினார், முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டதும் அழுதுவிட்டார். பையனும் இவளும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களாம், மூன்று வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறவர்களாம். கரையில் நடந்துகொண்டு அவள் சிரித்துப் பேசியதெல்லாம் அவனிடம்தான். இரண்டு வீட்டையும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி என்றிருந்த நிலையில் எவரோ எதையோ சொல்லிவிட்டார்கள், பேச்சு நின்றுவிட்டது. பிள்ளை சாப்பிட்டு நாலு நாள் ஆகிறது என்றார்.

"எவன் வாயோ தெரியல தம்பி," என்றார் அண்ணி. "ஒங்ககிட்ட வந்து கேட்டிருந்தா நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருப்பீங்க."

என் வாய்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கோலத்தைப் போட்டுவிட்டு அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். விலாசம் தேட வேண்டிய அவசியமே இல்லை, ஆதாரில் பார்த்ததுதானே. கதவைத் திறந்தது காப்பி எடுத்துப்போன அதே அம்மா, பையனின் தாயார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னது தப்பு, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீங்க சொன்னத நாங்களும் சும்மா நம்பலங்க. ஒங்களைப் பத்தியும் டீக்கடையில கேட்டோம். ஆம்பளை கோலம் போடுறவரு, ஆளு ஒரு மாதிரின்னாங்க. சரி, இவரு பேச்ச விட்டுருவோம்னுதான் இருந்தோம். எதுக்கும்னு அந்தப் பொண்ணுகிட்டயே, காரணம் சொல்லாம, போன்ல ஒங்க ஊரு ஜெராக்ஸ் கடைக்காரரு எப்படிம்மான்னு கேட்டேன். 'அவரு பொய் சொல்ல மாட்டாரு, யாரையும் தப்பாப் பேச மாட்டாரு'ன்னு சொன்னா. அதுக்கப்புறந்தான் நம்புனோம்."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். என் வார்த்தைக்கு அவளையே ஜாமீனாக வைத்து, அவள் கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறேன்.

"அப்புறம் ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

மழுப்ப நினைத்தேன், முடியவில்லை. "எனக்கு அது வணக்கம் வைக்காதுங்க. அதான்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை. இதை என்னிடம் சொன்னால் பத்தாது, அவளிடம் போய்ச் சொல்லுங்கள், அவள் சம்மதித்தால் நாங்கள் திரும்ப வருகிறோம் என்றார். சரியான ஆள்.

அன்று சாயங்காலம் கண்மாய்க் கரைக்குப் போனேன். அவள் வந்தாள், காதில் ஒயர் இல்லை. சிரிப்பும் இல்லை. நின்ற இடத்திலேயே நடந்தது அத்தனையையும் சொன்னேன், வணக்கத்தையும் சேர்த்து. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"காலையில பஸ்ஸுக்குப் போறப்ப ஒங்க கோலத்த மிதிக்காம சுத்திப் போவேன் சித்தப்பா," என்றாள். "இந்த மனுசன் இத்தனை பேரு சிரிச்சும் போடுறாரே, நம்மளும் நம்ம இஷ்டத்துக்கு இருக்கலாம்னு நெனப்பேன். முடி வெட்டுனது, தனியா நடக்குறது எல்லாம் அந்தத் தைரியந்தான். இந்த ஊர்ல என்னை ஒரு மாதிரின்னு சொல்லாத ஒரே ஆளு நீங்கதான்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். கரையில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. பத்திரிகையை அண்ணிதான் கொண்டுவந்து கொடுத்தார், அவள் வரவில்லை. போனேன், கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். இப்போது அவள் ஊருக்கு வந்தாலும் என் கடைப் பக்கம் திரும்புவதில்லை. அது அவள் இஷ்டம். ஆனால் அவள் பஸ்ஸுக்குப் போன காலைகளில் வாசலைப் பார்ப்பேன், கோலத்தில் கால்தடம் இருக்காது.

போன வாரம் ஒருவர் வெளியூர் ஆதார் அட்டையை நீட்டினார். தெற்குத் தெருப் பையன் ஒருவனைப் பற்றி இழுத்தார். நாடகம் கீடகம் என்று சுற்றுகிறானாம், கொஞ்சம் ஒரு மாதிரி என்று கேள்விப்பட்டாராம்.

"இந்த ஊர்ல ஒரு மாதிரி ஆளு நாந்தாங்க," என்றேன். "என்னையப் பத்தி வேணும்னா கேளுங்க, சொல்றேன்."