மடியில் காட்டு ராகி

பெங்களூரிலிருந்து ஓசூர் திரும்பும் பேருந்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் கதிர் விட்ட செடியோடு ஒரு தொட்டி. வேகத்தடை வரும்போதெல்லாம், காற்றில் விளக்கை மறைப்பதுபோல் கதிரை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, "பொறுத்துக்கோ கண்ணு" என்பார். அப்படியும் மணிகள் பொலபொலவென்று என் மனைவியின் புடவையில் கொட்டின.

"ராகி மாதிரி இருக்குது, தொட்டாலே உதிருதே" என்றாள் மனைவி. வேப்பனப்பள்ளியில் ராகி அறுத்து வளர்ந்தவள்.

"காட்டு ராகி, அக்கா. தானா உதிர்ந்தாத்தான் அது பொழைக்கும். நம்ம ராகி அறுக்கிற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிக்கும். எந்த மரபணு மாறி அப்படி ஆச்சுன்னு லேப்ல தேடிட்டிருக்கேன்."

மனைவி தலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க வளந்த கட்டிக்கும் மரபணுதான் காரணம்னாங்க."

"பக்கத்து ரூம்ல அதைத்தான் பாக்கறாங்க. 'போதும், நில்லு'ன்னு செல்லுக்குச் சொல்ற மரபணு கெட்டுப்போச்சுன்னா, அது பாட்டுக்கு வளரும்."

"எனக்கு நின்னுடுச்சு. இப்பத்தான் ஸ்கேன் பாத்துட்டுச் சொன்னாங்க."

அந்தப் பெண் கதிரை விட்டுவிட்டுக் கைதட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு வேகத்தடை. கதிரில் ஒரு மணிகூட மிஞ்சவில்லை. அத்திப்பள்ளி தாண்டும்வரை நானும் அவரும் இருக்கைக்கடியில் குனிந்து பொறுக்க, மனைவி தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பெயர் கேட்க மறந்துவிட்டோம். புடவை மடிப்பில் ஒளிந்து வந்த மணிகள் இப்போது எங்கள் வாசலெல்லாம் முளைக்கின்றன. பிடுங்கப் போனால் மனைவி விடுவதில்லை.

"இருக்கட்டும். அது பாட்டுக்கு வளரட்டும்" என்கிறாள்.